போண்டா கடைக்காக நடந்த அடிதடி

பாலாற்றங்கரை மிஷன் பள்ளிக்கூடத்தின் கோடைச் சந்தையில் யார் என்ன கடை போடுவது என்று பேச, இன்று பெற்றோர்கள் ஒன்பது பேர் வகுப்பறையில் ஆசிரியை முன் கூடினோம்.

நான் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் ஊறவைப்பவன். “என் சம்சாரம் மேரி போண்டா சுடட்டும்” என்றேன். மேரி என் பக்கத்தில்தான் இருந்தாள்.

மாட்டுவண்டிகள் வைத்திருக்கும் முனுசாமி எழுந்தார். “தோலு ஊறவெக்கிறவன் ஊட்டு போண்டாவ எவன் துன்னுவான்?”

“உன் செருப்புத் தோல யாரு ஊறவெச்சாங்க?” என்று கேட்டேன்.

முக்காலியைத் தூக்கி என் நெற்றியில் அடித்தார். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. நானும் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவருடைய பல் ஒன்று தரையில் விழுந்தது. குறுக்கே வந்து விலக்கிய ஆசிரியையின் சேலையெல்லாம் எங்கள் ரத்தம்.

பக்கத்து அறையில் எங்கள் பிள்ளைகள் அழுவது அப்போதுதான் கேட்டது. வெட்கமாக இருந்தது.

முனுசாமியின் மனைவி செல்லம்மா எழுந்துபோய் மேரியின் அருகில் உட்கார்ந்தார். “டீச்சரம்மா, போண்டா கடையில என் பேரையும் எழுதுங்க. மாவு நான் கரைக்கிறேன்.”

முனுசாமி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

கம்பவுண்டர் எனக்கு நான்கு தையல் போட்டார். சந்தையன்று முனுசாமி கடைக்கு வந்தால் நான் பரிமாறுவதா, ஒளிந்துகொள்வதா? நண்பர்களே, யோசித்து எழுதுங்கள்.