கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகள்

அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தான். என் சித்தியின் மைத்துனர் மகள். கடைசிக் கொழுந்தனுக்குப் பெண் தேடியபோது, சிரித்த முகமாக ஒருத்தி இருக்கிறாள் என்று நான்தான் வாயைத் திறந்தேன்.

எங்களுக்குச் சலவைக்கடை. முன்பக்கம் இஸ்திரி மேசை, பின்பக்கம் தொட்டிகள், மாடியில் கொடி. ஓட்டல் மேசைவிரிப்பும் ஆஸ்பத்திரிப் போர்வையும் மூட்டை மூட்டையாக வரும். வந்த ஆறாம் மாதமே எந்தக் கறையை எப்படி எடுப்பது என்பது அவளுக்கு அத்துப்படி. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீர் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது என்பாள். என் வீட்டுக்காரர் அவளுக்குக் ‘கறை டாக்டர்’ என்று பேர் வைத்தார். வாடிக்கைக்காரர்கள் டாக்டரம்மா இருக்காங்களா என்று கேட்டு வந்தால், “டோக்கன் போட்டுட்டு உக்காருங்க” என்பாள்.

என் மாமனார் கடையில் ஒரு சட்டம் போட்டிருந்தார். வீட்டுத் துணி கடைத் தொட்டியில் விழக்கூடாது, வாடிக்கைக்காரர் கண்ணிலும் படக்கூடாது. பெண்கள் துணி என்றால் கேட்கவே வேண்டாம்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். ரத்தப்போக்குக்கு வைக்கப் பழைய வெள்ளைப் போர்வைகளைக் கிழித்துக் கொடுத்தேன். நான் துவைத்துத் தருகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. மத்தியானம் நாங்கள் எல்லோரும் முன்பக்கம் இஸ்திரி போடும் நேரம் பார்த்து, பின்கட்டுக் குழாயடியில் தானே அலசி மாடியில் உலர்த்திவிடுவாள்.

பத்தாம் நாள் நர்ஸ் வந்தார். எவ்வளவு போகிறது என்று கேட்டதற்குக் கொஞ்சம்தான் என்றாள். துணியைப் பார்க்கணும் என்றார் நர்ஸ். நான் பெருமையாக மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். எட்டுத் துணி, வரிசையாக, பால் மாதிரி.

“காஞ்சதைப் பாத்து நான் என்னம்மா சொல்றது? நனைஞ்சதைக் காட்டச் சொல்லுங்க” என்றார் நர்ஸ்.

கீழே வந்து சொன்னால் அவள், “சலவைக்கடைக்கு வந்து அழுக்குத் துணி கேக்கறீங்களே, எங்க மானம் போயிடாது?” என்றாள். மூன்று பேருமே சிரித்துவிட்டோம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, தலை சுற்றினாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் நர்ஸ். அவள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

மூன்று நாள் போயிருக்கும். காலையில், முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கே என்றேன். நம்ம கடைத் தண்ணியாச்சே என்று சொல்லிச் சிரித்தாள். பிள்ளை தூங்கவிடவில்லை போல என்று நானும் விட்டுவிட்டேன்.

மத்தியானம் குழந்தை அழுதது. அழுகை ஓயவில்லை என்று உள்ளே போனேன். பின்கட்டில் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கையில் பாதி பிழிந்த துணி. வாளி நிறையத் துணி. எல்லாம் அன்றைக்கு ஒரே காலையில் நனைந்தவை.

“இன்னும் மூணு அலசணும்க்கா” என்றாள்.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“ஆஸ்பத்திரிப் போர்வையில பாக்காத ரத்தமா? எல்லாருக்கும் இப்படித்தான் போகும்னு நெனச்சேன்.”

ஆட்டோவில் என் மடியில்தான் தலை வைத்திருந்தாள். நஞ்சுக்கொடித் துண்டு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டதாம். கொழுந்தன் ரத்தம் கொடுத்தான், என் மூத்த மகன் கொடுத்தான். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். மறுநாள் மாடி ஏறினால் கொடியில் அவள் கடைசியாக உலர்த்திய துணிகள், ஒரு பொட்டுக் கறை இல்லாமல். அவற்றை எடுக்க எனக்குக் கை வரவில்லை. என் வீட்டுக்காரர்தான் எடுத்தார்.

அந்தப் பெண் குழந்தையை நான்தான் வளர்த்தேன். போன மாதம் அவளுக்கும் மகன் பிறந்திருக்கிறான். துணி எதையும் அலசாதே, அப்படியே வாளியில் போட்டு வை, நான் பார்க்கணும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

“பெரியம்மா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று முணுமுணுப்பாள். ஆனாலும் தினமும் வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள்.

பன்னிரண்டாம் நாள் மூடியைத் திறந்தேன். இரண்டே துணி. உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.