மாட்டிடம் சொன்ன பதில்

பேச்சு என்பது இரண்டு பேருக்கு நடுவில் பிறந்தது என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு பேர் மட்டும் இருந்தால் ஒருவர் பேசுவார், இன்னொருவர் தன் முறை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு பிறக்க மூன்றாவதாக ஒரு மாடு வேண்டும். நான் பட்டதைத்தான் சொல்கிறேன்.

களமருதூரிலிருந்து வடக்கனந்தலுக்குப் பெண் பார்க்கப் போனோம். நான், அம்மா, தாய்மாமன். எனக்கு உரக்கடையில் வேலை. பெண் கல்வராயன் மலையில் ஒரு பால்வாடியில் டீச்சர். திங்கட்கிழமை மலையேறினால் சனிக்கிழமைதான் இறங்குவாள். இந்த விவரம் பஜ்ஜித் தட்டு பாதி காலியான பிறகுதான் மாமாவுக்குத் தெரிந்தது. மீதிப் பாதியையும் சாப்பிட்டு முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊருக்குப் போயி கடுதாசி போடறோங்க" என்றார்.

பெண் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும், பிடித்திருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், பிடிக்காவிட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். மாமா துண்டை உதறிய வேகத்திலேயே பெண்ணின் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எனக்கோ அவளை ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் மாப்பிள்ளை வாயைத் திறப்பது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. வேட்டி கசங்காமல் உட்கார்ந்திருப்பதுதான் அவன் வேலை.

நிறுத்தத்துக்குப் போனால் பஸ் இல்லை. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. கள்ளக்குறிச்சி ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். எப்போது வழி விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் அதே வீட்டுக்குத் திரும்பினோம். சொல்லிக்கொண்டு கிளம்பிய வாசலிலேயே மறுபடி செருப்பைக் கழற்றுவதைப் போல மானக்கேடு வேறில்லை. பெண்ணின் அப்பா எழுந்து நின்று, எங்களை அப்போதுதான் முதலில் பார்ப்பவர் போல, "வாங்க வாங்க, ஊர்ல அல்லாரும் சவுக்கியங்களா?" என்றார். மாமாவும் சவுக்கியம் என்றார். அடுத்து வந்த நாட்களில் விடிந்ததும் இருவரும் இதையே கேட்டுச் சொல்லிக்கொண்டார்கள். வேறு எதைப் பேசினாலும் விஷயத்தில் போய் முட்டும்.

மறுநாள் பஜ்ஜி நின்றது. அதற்கடுத்த நாள் வேட்டி துவைக்கப் போய்விட்டதால் பெண்ணின் அப்பாவுடைய கட்டம் போட்ட கைலியில் இருந்தேன். சும்மா சாப்பிட வெட்கப்பட்டு மாமா அவர்கள் கொல்லையில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்தார். அம்மா அடுப்படிக்குள் புகுந்து குழம்பில் புளி கம்மி என்று கண்டுபிடித்தாள். சம்பந்தி வீட்டாருக்குள் ஏற்பட வேண்டிய நெருக்கமெல்லாம் ஏற்பட்டுவிட்டது, சம்பந்தம்தான் இல்லை. பதிலை ஊருக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும். ஊருக்குப் போக முடியாது. ஆகவே பதில் கிடையாது. இதை ஒரு நியாயம் என்று ஏழு கழுதை வயசான ஆட்கள் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு செவலை மாடு கட்டியிருந்தது. நான் அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் தவிட்டுத் தண்ணீரோடு வந்தாள். கல்யாணம் நிச்சயமாகாமல் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசக் கூடாது. அவள் பேசவும் இல்லை. மாட்டைப் பார்த்து, "இன்னாடி, ராத்திரி கொசு ஜாஸ்தியாமா? விருந்தாளிங்க பொரண்டுக்கினே இருந்தாங்களே" என்றாள்.

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மாட்டிடம், "கொசு இல்ல. மாமா கொறட்டை" என்றேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டின் கழுத்தைத் தடவினாள். அதிலிருந்து நான் அந்த மாட்டிடம் பேசியது போல யாரிடமும் பேசியதில்லை. கையிலிருந்து யூரியா வாடை போகவே மாட்டேன் என்கிறது என்றேன். மாமா என்றால் இன்றைக்கும் பயம் என்றேன். மறியலால் மலையேற முடியாமல் இருந்த அவளும் மாட்டிடம் மலையைப் பற்றிச் சொன்னாள். அவள் போகாவிட்டால் பால்வாடியைத் திறக்க ஆள் இல்லை. பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும். சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. பிறகு வாளியைக் கீழே வைத்தாள்.

"கட்டிக்கினு போறவுங்க மலைக்கு உடுவாங்களா, மாட்டாங்களா? கேட்டுச் சொல்லு. உடலன்னா எனக்கு யாரும் வாணாம்."

"உடுவேன்னு சொல்லு" என்றேன் மாட்டிடம். "எனக்குச் சம்மதம்னும் சொல்லு."

திரும்பினால், மடி நிறைய மல்லாட்டையோடு மாமா நிற்கிறார்.

"மாட்டுகிட்ட சொன்னது செல்லாது" என்றார் எடுத்த எடுப்பில்.

சத்தம் கேட்டுப் பெண்ணின் அப்பா வந்தார். "எங்க மாடுங்க அது. அதுங்கிட்ட சொன்னா எங்க வூட்டுல சொன்ன மாதிரிதாங்க."

"அப்போ ரெண்டும் பேசிக்கினு இருந்துதுன்னு ஒத்துக்கிறீங்களா?"

"அதெப்படிங்க? எம் பொண்ணு மாட்டுகிட்டதான் பேசுச்சு."

"எம் பையனும் மாட்டுகிட்டதான் சொன்னான். பேசல, அதனால பதிலும் இல்ல."

பேசியதாக வைத்துக்கொண்டால் பெண்ணுக்குக் கெட்ட பெயர், பேசவில்லை என்றால் என் சம்மதம் காற்றோடு போச்சு. இருட்டும் வரை வாதாடிவிட்டு, யாரும் பேசவில்லை என்று இரண்டு பெரிய மனுஷர்களும் முடிவு செய்தார்கள். அடுப்படியிலிருந்து அம்மா, "மாடு இன்னா சொல்லுது?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது.

ரோட்டில் நடந்ததை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. சில வீடுகளில் இழவே விழுந்தது. மரத்தை வெட்டிப் போட்டவர்கள் கேட்டதை அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அப்புறம் சொல்கிறோம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவிட்டுப் போனவர்களை நிறுத்தி, இங்கேயே பதில் சொல் என்றார்கள். போக வழியிருக்கும் வரை யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

வழி விட்டுவிட்டார்கள் என்று ஒருநாள் காலையில் தகவல் வந்தது. வேட்டிக்கு மாறினேன். மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஊருக்குப் போயி கடுதாசி போடறோங்க" என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அவள் தோளில் பையோடு வந்தாள். மலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். நேராக என் எதிரில் வந்து நின்றாள்.

"மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்குது. எனக்கு நேரமாவுது. எங்கிட்டயே சொல்லுங்க."

அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாட்டிடம் அத்தனை பேசியிருந்தேன், இப்போது நடுவில் மாடு இல்லை. மாமாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து அவரைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன்.

"மலைக்குப் போவலாம். எப்பவும் போவலாம்."

"சரிங்க" என்றாள். நடந்து போய்விட்டாள்.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரோட்டின் இரண்டு ஓரத்திலும் வெட்டிய மரங்களை இழுத்துப் போட்டிருந்தார்கள். அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் நெருங்கும்போது தொண்டையைச் செருமினார்.

"கடுதாசில இன்னாடா எழுதறது?" என்று என்னைக் கேட்டார். நான் பிறந்ததிலிருந்து அவர் என்னை எதுவும் கேட்டதில்லை.