மூடிய மண்டபத்தில் உம்மாவின் நம்பர்

கொரோனாவின் இரண்டாம் வருடம், அறுபது தாண்டியவர்களுக்கு ஊசி போட எங்கள் மகளிர் பாடசாலை மண்டபத்தை எடுத்தார்கள். நான் அங்கே கணினி ஆசிரியை. வாசலில் பெயரைப் பதிந்து நம்பர் துண்டு கொடுப்பது என் வேலை. முதலில் வந்தவருக்கு முதலில் ஊசி. அப்படி எழுதிக் கதவில் ஒட்டியதும் நான்தான்.

கையில் ஒரு சின்னக் கருவியும் வைத்திருந்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்ததை வைத்து நானே பொருத்தியது. ஆட்கள் விட்ட மூச்சு அறைக்குள் எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்பதை எண்ணாகக் காட்டும். கடற்கரையில் நானூற்றிச் சொச்சம். வகுப்பறைகளில் அதை ஆயிரத்துக்குக் கீழே வைத்திருக்க நான் தினமும் ஜன்னல்களோடு மல்லுக்கட்டினேன். ஆனால் மண்டபத்தின் தெருப்பக்க ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது, பிள்ளைகளை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று. அன்று பெண்கள் உள்ளே கதிரைகளில். ஆண்கள் தெருவில், அந்தப் பலகைகளுக்கு வெளியே வரிசையாக.

ஒன்பது மணிக்குக் கருவி ஆயிரத்துத் தொள்ளாயிரம் காட்டியது. அப்போதுதான் உம்மா வந்தார். நம்பர் எண்பத்தாறு.

உம்மாவுக்கு ஆஸ்துமா. அந்த வருடத் தொடக்கம் வரை இந்த நோயில் மௌத்தான எங்கள் முஸ்லிம் ஆட்களையும் அடக்க விடாமல் அரசாங்கம் எரித்தது. பிறகு அடக்க விட்டார்கள், எங்கேயோ தூரத்தில் ஒரே இடத்தில். உம்மா இருமும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூரம்தான் கண்ணுக்குள் வரும். வெளியே மரத்தடியில் இருங்கள் என்றேன். கதிரையை விட்டால் நம்பர் போய்விடும் என்று அவர் அசையவில்லை.

பலகையைக் கழற்றச் சொல்லி சுகாதாரப் பரிசோதகரிடம் போனேன். அவர் பக்கத்தில் நின்ற பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரைப் பார்த்தார். பெண்கள் சட்டைக் கையை உயர்த்துகிற இடம், அவர்கள் ஒருபோதும் சம்மதிக்க மாட்டார்கள், எல்லாம் முடிந்த பிறகு பார்ப்போம் என்றார் செயலாளர்.

கருவியில் இரண்டாயிரத்து நூறு.

முப்பத்தோராம் நம்பரில் இருந்தது எங்கள் ஒழுங்கையில் அப்பம் சுட்டு விற்கும் மாமி. அவருக்குப் பக்கத்தில் குனிந்து, நம்பரைப் பிழையாக எழுதிவிட்டேன், உங்களுடையது எண்பத்தாறு என்றேன்.

"எனக்கென்ன மகள் அவசரம், இப்ப அப்பம் திங்க ஆரு வாறாங்க," என்றார். "நீ எழுதினாச் சரி."

இருவரின் துண்டுகளையும் மாற்றிக் கொடுத்தேன். கால் மணித்தியாலத்தில் உம்மா ஊசி போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மாமி உள்ளேயே இருந்தார். மாஸ்க்கைக் கீழே இறக்கி, துண்டால் முகத்துக்கு விசிறிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ விடாமல் இருமினார்கள். இரண்டாயிரத்து நானூறு. அப்போதுதான் செய்தேன், காலையிலேயே செய்திருக்க வேண்டியதை. பெண்களுக்கு நடுவில் போய் நின்று, இந்தக் காற்று கூடாது, பலகையைக் கழற்றினால் தெருவுக்குத் தெரியும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். "ஆம்பிளயள கிறவுண்டுப் பக்கம் அனுப்புங்க மிஸ். எங்கட கிழட்டுக் கையப் பாக்கவா அவங்க விடியத்தொட்டு நிக்கிறாங்க?"

பத்து நிமிடத்தில் பலகைகள் கழன்றன. ஊசி மேசைக்கு மட்டும் ஒரு சேலையைக் கட்டினார்கள். கருவி எழுநூறுக்கு இறங்கியது. அதுவரை நான் கேட்டதெல்லாம் இரண்டு ஆண்களிடம்.

அன்றிலிருந்து கொப்பியில் உம்மாவின் ஒவ்வொரு நாளையும் எழுதினேன். காய்ச்சல் இல்லை. கறிவேப்பிலை மணம் தெரிகிறது. இருமல், ஆனால் பழைய இருமல். ஐந்தாம் நாள் மாமியின் வீட்டு முன்னால் அம்புலன்ஸ் வந்து நின்றது.

அந்த மண்டபத்தில்தான் தொற்றியது என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. இல்லையென்றும் சொல்ல முடியாது. உம்மாவுக்கென்று எழுதிய கொப்பியில் மாமியின் நாட்களையும் எழுதத் தொடங்கினேன். ஒட்சிசன் வைத்திருக்கிறார்களாம். பேச்சில்லையாம். சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் முதலில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குக் காது கொடுப்பேன், மௌத் அறிவித்தல் ஏதும் வருகிறதா என்று. உம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று கிழமை கழித்து மாமி திரும்பி வந்தார், பாதியாக மெலிந்து. இரண்டாவது ஊசியை அவருக்குப் பிந்திப் போடலாம் என்றார்கள். அவர் அதற்கு வந்த நாளிலும் வாசலில் நான்தான். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மாமி வந்து கை நீட்டியபோது சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு நம்பரப் பிழையா எழுதல்ல மாமி. உம்மாவுக்காக நான்தான் மாத்தினன்."

நீட்டிய கையை அவர் எடுக்கவில்லை.

"அப்ப இண்டைக்கு எனக்கு முதலாம் நம்பரத் தா."

அவருக்கு முன்னால் பதினொரு பேர் வந்திருந்தார்கள். கொடுத்துவிடலாம் போல்தான் இருந்தது.

"பன்னிரண்டு மாமி," என்றேன்.

துண்டை வாங்கினார். உள்ளே போய், தனக்கு முன்னால் இருந்தவரிடம் அவருடைய நம்பர் என்னவென்று கேட்டார். அதற்குப் பிறகுதான் கதிரையில் இருந்தார்.