முளைவிட்ட முதல் பதிப்பு

தெருவில் அவருக்கு ‘உலகம்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது வீட்டு வரி ரசீதோடு சரி. உலகப் பாரம்பரியம், உலகப் பண்பாடு, உலகம் கெட்டுப்போகாமல் வாழ்வது எப்படி என்று வருஷத்துக்கு ஒரு புத்தகம் போடுகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கயிற்றுப் பாலங்களைப் பற்றிப் போட்டார். மண் வீடுகளைப் பற்றிப் போட்டார். ஆனால் ஆள் பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தாலே அவருக்குக் குமட்டும்.

பதிப்பகம் தொடங்குவதற்கு முன்பு ஒரு டயர் கம்பெனியின் விலைப்பட்டியலுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எண் தப்பினால் லாரி டயரை ஸ்கூட்டருக்கு விற்றுவிடுவார்கள் என்கிற பயத்திலேயே காலம் தள்ளி, கழுத்து முன்னால் வளைந்துவிட்டது. ஒருநாள், மனித குலத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு வந்தார். மனித குலம் ஒன்றும் கேட்கவில்லை. மனைவிதான் கேட்டாள். “யாரைக் கேட்டு விட்டீங்க?”

அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஊரார் கழுத்தையெல்லாம் நிமிர்த்துகிறவளுக்கு இந்த ஒரு கழுத்து மட்டும் பிடிகொடுக்கவில்லை.

விற்காத புத்தகங்கள் வீட்டுக்கு வந்தன. டிவி கயிற்றுப் பாலங்களின் மேல் நின்றது. சோபாவின் உடைந்த காலுக்கு மண் வீடுகள் முட்டுக்கொடுத்தன. கட்டிலுக்கு அடியில் துடைப்பம் போகவில்லை என்கிற நிலை வந்தபோது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

“இதான் கடைசி. அடுத்த புத்தகம் போகலைன்னா, பேசாம எங்க அண்ணன் கடையில போய் உட்காருங்க.”

அண்ணனுடையது டைல்ஸ் கடை. மாப்பிள்ளைக்கென்று ஒரு சுழல் நாற்காலியே வாங்கிப் போட்டிருந்தார். அதன் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. வருகிறவர் கையாலேயே பிரிக்கட்டுமாம். உலகத்தின் கனவில் அந்த நாற்காலி அடிக்கடி வந்தது. குளியலறைத் தரை வழுக்குமா, வழுக்காதா என்று ஆயுசுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்தாலே அவருக்குக் கால் வழுக்கியது.

அந்தக் கடைசிப் புத்தகம்தான் ‘தானியம் தூங்கும் வீடு’. உலகம் முழுக்க முன்னோர்கள் குழி தோண்டியும், குதிர் கட்டியும், மரக் கால்கள்மேல் பரண் எழுப்பியும் விதையையும் தானியத்தையும் கெடாமல் காப்பாற்றிய கதை. எழுதியவர் ஓய்வுபெற்ற விவசாயப் பேராசிரியை. எழுதிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்கு வெளிநாடு போய்விட்டார். எல்லாக் கிளை நூலகங்களுக்கும் வாங்கிக்கொள்வதாக நூலகத் துறையும் சொல்லிவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இத்தோடு விட்டிருந்தால் நல்ல மனிதர். ஒரு காகிதக் கண்காட்சிக்குப் போனவர், விதை பதித்த அட்டையைப் பார்த்துவிட்டார். காகிதக் கூழிலேயே கடுகைக் கலந்து செய்தது. படித்து முடித்ததும் அட்டையைக் கிழித்து மண்ணில் புதைத்தால் செடி வருமாம். உலகம் அங்கேயே உருகிப்போனார்.

டிசைனர் பெண் சந்தேகப்பட்டாள். “சார், லைப்ரரி புக்கோட அட்டையைக் கிழிச்சா ஃபைன் போடுவாங்களே சார்?”

“நீ சின்னதா யோசிக்கிற. நான் பூமியை யோசிக்கிறேன்.”

பூமியை யோசித்தவர் கோடவுனை யோசிக்கவில்லை. வாடகை குறைவு என்று, ஒரு லாண்டரிக்கு அடியில் இருந்த நிலவறையைப் பிடித்தார். மேலே நாள் முழுக்கத் துணி வேகும். கீழே சுவர் எப்போதும் வியர்த்திருக்கும். வெறும் தரையில், சுவரோடு ஒட்டி, புத்தகக் கட்டுகளை உத்தரம்வரை அடுக்கினார்கள். நூலக அதிகாரியின் கையெழுத்து அரசாங்க நிதானத்தில் வந்து சேர்ந்தது. வந்த அன்று மதியம் உலகம் சாவியோடு இறங்கினார். டிசைனர் பின்னால் வந்தாள். புத்தகம் கிளம்புவதைக் கண்ணால் பார்க்காமல் நம்ப முடியாது என்று மனைவியும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

விளக்கைப் போட்டதும் மூவரும் வாசலிலேயே நின்றார்கள். முதல் பதிப்பு மொத்தமும் இருட்டிலேயே மஞ்சள் மஞ்சளாய் முளைத்திருந்தது. கட்டுகளின் இடுக்கில் இருந்தெல்லாம் கடுகுக் குருத்து தலையை நீட்டி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சார், ஃபினிஷிங் நல்லா வந்திருக்கு சார்,” என்றாள் டிசைனர், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

உலகம் ஒரு கட்டின்மேல் உட்காரப் போய், அது நசுங்கியதும் எழுந்துகொண்டார். மனைவி ஒரு பிரதியை உருவி, வேரை விலக்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். பிறகு நிறுத்தி, உரக்கப் படித்தாள்.

“விதைக்கு முதல் எதிரி பூச்சி அல்ல, ஈரம். எனவே அந்த மக்கள் விதையை ஒருபோதும் வெறும் தரையில் வைக்கவில்லை. சுவரில் சாய்க்கவில்லை. நீராவி எழும் இடத்துக்கு அருகே கொண்டுபோகவே இல்லை.” நிமிர்ந்து பார்த்தாள். “இது உங்க புத்தகம்தானே?”

“அதுல என்ன சந்தேகம்?”

“படிச்சீங்களா?”

“மெய்ப்பு நான்தான் பார்த்தேன். ஒரு பிழை இருக்கா, காட்டு பார்ப்போம்.”

“படிச்சீங்களான்னு கேட்டேன்.”

உலகம் கழுத்தைத் தடவினார். “மெய்ப்புப் பார்க்கிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான். அர்த்தத்தைப் பார்க்க ஆரம்பிச்சா கண்ணு தப்பிடும்.”

மனைவி டிசைனரைப் பார்த்தாள்.

“நான் படம் மட்டும்தான் வைப்பேன் மேடம்,” என்று அவள் முந்திக்கொண்டாள்.

கட்டுகளைப் பிரித்துப் பார்த்ததில் ஓர் ஆறுதல் கிடைத்தது. வேர் அட்டையைத் தாண்டவில்லை. உள்ளே இருந்த தாள் ஓரம் சற்று அலையடித்திருந்ததே தவிர, தையலும் எழுத்தும் பிழைத்திருந்தன. அட்டையை உரித்துவிட்டு வேறு அட்டை போட்டால் புத்தகம் புத்தகம்தான். ஆனால் கையில் இருந்த பணத்தையெல்லாம் கடுகு அட்டையே தின்றுவிட்டது. நூலகத்தின் கெடுவோ இந்த வாரத்தோடு முடிகிறது.

மனைவி போனை எடுத்து அண்ணனுக்குப் பேசினாள். உலகத்துக்கு அந்தச் சுழல் நாற்காலி சுழன்று தன் பக்கம் திரும்புவது தெரிந்தது.

மச்சான் வந்து, வாசலில் நின்று, எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் உலகத்தை அதிகமாகக் கலக்கியது.

“மாப்ளே, புத்தகத்துக்குத் தண்ணி ஊத்துனது நீங்களா, லாண்டரிக்காரனா?”

“மச்சான், கிண்டல் பண்ற நேரமா இது?”

“இல்ல, நாத்து நல்லா பிடிச்சிருக்கு. அதான் கேட்டேன்.” ஓர் அட்டையைத் தொட்டு, விரலால் அதன் தடிமனைப் பார்த்தார். “இதைவிட முரடா எங்கிட்ட மலை மாதிரி கிடக்கு. டைல்ஸ் வர்ற அட்டைப் பெட்டி. பழைய பேப்பர்காரன்கூட ‘இடம் இல்லண்ணே’ங்கிறான். எடுத்துக்கிறீங்களா?”

உலகம் தன் கடுகு அட்டையைப் பார்த்தார். மனைவிதான், “எடுத்துக்குவாரு,” என்றாள்.

அடுத்த நாட்களில் வீடே பைண்டிங் பட்டறை ஆனது. உலகம் முளைத்த அட்டைகளை உரித்தார். மச்சானின் கடை ஆட்கள் டைல்ஸ் வெட்டுகிற நேர்த்தியோடு பெட்டிகளை அளவாக வெட்டிக் கொடுத்தார்கள். டிசைனர் ரப்பர் முத்திரை ஒன்று செய்து தலைப்பைக் குத்தினாள். மனைவி நோயாளியின் முதுகைப் பிடித்துவிடும் கையால் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகையும் அழுத்தி ஒட்டினாள். பெட்டியில் ஏற்கெனவே அச்சாகியிருந்ததை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நூலக அதிகாரி ஒரு பிரதியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். பின்னட்டையில் பெரிய அம்புக்குறி ஒன்று, அதன் கீழே ‘உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்’ என்கிற வாசகம்.

“இது என்ன சார் அம்பு?”

“எது மேல் பக்கம்னு வாசகருக்குத் தெரியணும்ல சார்.”

“உடையும் பொருள்னு போட்டிருக்கு?”

“பாரம்பரியம் சார். உடையத்தானே செய்யும்.”

அதிகாரி அம்புக்குறியை விரலால் தடவினார். பிறகு, “கருத்து ஆழமாத்தான் இருக்கு,” என்று சொல்லி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்.

கடைசிக் கட்டும் வேன் ஏறியது. உலகம் வெற்றி வீரராக வீடு திரும்பினார். “புத்தகம் போயிடுச்சு. எல்லாமே போயிடுச்சு. இனி டைல்ஸ் கடைப் பேச்சே எடுக்கக்கூடாது.”

“எடுக்கல,” என்றாள் மனைவி. “நான் சொன்னா சொன்னதுதான். தாராளமா அடுத்த புத்தகம் போடுங்க. ஒரே ஒரு விஷயம்.”

“என்ன?”

“அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க உட்கார்ந்து முழுசா படிக்கணும். படிச்சு முடிச்சதும் என்ன இருந்துச்சுன்னு எங்கிட்ட சொல்லணும். நான் நடுநடுவுல கேள்வி கேட்பேன்.”

உலகம் மேஜையைப் பார்த்தார். அடுத்த கையெழுத்துப் பிரதி அங்கே காத்திருந்தது. பழங்கால நகரங்களின் சாக்கடை அமைப்புகள், அடிக்குறிப்புகளோடு, தலையணை உயரத்துக்கு. மெல்லத் தூக்கிப் பார்த்தார். கை வலித்தது. முதல் பக்கத்தைப் படித்தார். மறுபடியும் முதல் பக்கத்தையே படித்தார்.

சற்று நேரம் கழித்து, பேச்சுவாக்கில் கேட்பவர் மாதிரிக் கேட்டார். “ஏம்மா, உங்க அண்ணன் அந்தச் சேரை வேற யாருக்கும் கொடுத்துடலையே?”