பாதரசம் வேண்டாத மேசை

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. மாவாட்டும் கிரைண்டர்தான் எங்கள் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன், ஆப்பிரிக்காவில் சிறு அளவில் தங்கம் தோண்டும் பெண்கள் சங்கம் ஒன்றுக்காக, ஏற்றுமதியாளர் ஒருவர் மூலம் வேறு மாதிரி ஓர் ஆர்டர் வந்தது. சாய்வாக நின்று ஆடும் மேசை. மேலே தண்ணீர் ஓடும்போது மணல் அடித்துக்கொண்டு போகும். கனமான தங்கத்தூள் வரிப்பள்ளங்களில் தங்கிவிடும். பாதரசம் விட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. பாதரசத்தைக் கைவிட்டால்தான் அவர்களுடைய தங்கத்துக்கு, யாரையும் கெடுக்காமல் எடுத்தது என்ற சான்றிதழ் கிடைக்கும்.

தங்கத்தூளுக்குப் பதிலாக இரும்புத்தூளை ஆற்று மணலில் கலந்து ஓட்டிப் பார்த்தோம். அருமையாகப் பிரிந்தது. இந்த மேசை இருந்தால் பாதரசம் தேவையே இல்லை என்று கையெழுத்துப் போட்டு ஏற்றுமதியாளரிடம் கடிதம் கொடுத்தேன்.

மேசை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, சான்றிதழுக்காக ஆய்வுக்குப் போனவர் சங்கத்தின் குடிசைக்குள் பாதரசப் புட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். சான்றிதழ் இல்லை என்றாகிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. சங்கத் தலைவியை வீடியோவில் அழைத்து, ஏன் மேசையை ஓட்டவில்லை என்று கேட்டேன். ஓட்டினோம் என்றார் அவர், நிதானமான ஆங்கிலத்தில். அவர்களுடைய மண் களிமண்ணாம். பொடித் தங்கம் களியோடு ஒட்டிக்கொண்டு வழிந்து போய்விடுகிறதாம். அதனால் பாதரசத்துக்கே திரும்பிவிட்டதையும், மேசையைத் துடைத்து வைத்தது ஆய்வாளருக்குக் காட்டத்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

எங்கள் ஃபிட்டர் என்னைவிட மூத்தவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"ஏனுங்க அம்மணி, அவங்க மண்ணு எப்பிடின்னே கேக்காம மெஷினைச் செஞ்சுபோட்டோமுங்க" என்றார்.

"நான் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேனுங்ணா."

மறுநாள் அவரே குளத்துக் களிமண் ஒரு மூட்டை கொண்டுவந்தார். ஓட்டினோம். இரும்புத்தூளில் பாதிக்கு மேல் சேறோடு போயிற்று. அப்படியானால் களியை முதலில் கரைக்க வேண்டும். கிரைண்டர் செய்கிறவர்களுக்கு அது புதிதல்ல. தண்ணீரோடு சுழலும் பெரிய டிரம் ஒன்றுக்குள் இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்து, மேசைக்கு முன்னால் நிறுத்தினோம். மூன்றாவது முயற்சியில் தூள் மேசையிலேயே நின்றது. ஏற்றுமதியாளர், அதெல்லாம் ஆர்டரில் இல்லையே என்று இழுத்தார். அவர் எல்லோரிடமும் காட்டி ஆர்டர் பிடிக்கும் என் கடிதத்தைத் திரும்பப் பெறப்போகிறேன் என்றதும் டிரம்மை அனுப்ப ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆய்வின்போது அங்கே பாதரசம் இல்லை. உண்மையாகவே இல்லை. ஆனாலும் சான்றிதழ் இன்னும் வரவில்லை. தோண்டும் நிலத்துக்கு அரசு உரிமம் காட்டச் சொல்கிறார்கள், சான்றிதழ் தருகிறவர்கள். பெரிய கம்பெனிகளுக்குச் சுலபமாகக் கிடைக்கும் அந்தக் காகிதத்துக்காகத் தலைவி ஐந்து முறை அலுவலகம் ஏறி இறங்கிவிட்டார். வாங்காமல் விடமாட்டார், அவரோடு பேசியவரையில் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. பக்கத்து ஊர்ப் பெண்களும் பாதரசத்தை விடப்போகிறார்களாம். அவர்களுக்காக இரண்டு டிரம் அடுத்த மாதம் கப்பலேறுகின்றன.