பாதி கண்டெய்னர்

"சாரே, இதுல என்ன வெள்ளையா இருக்கு?" என்று கேட்டார் மில் சூப்பர்வைசர் ஏலியாம்மா.

ஆடலூர் காப்பி விவசாயிகள் சங்கத்தில் நான் செயலாளராக இருந்த கடைசி வருடம் அது. அமெரிக்கா வரியைக் கூட்டியதும், வழக்கமாக வாங்கிய அந்நாட்டு வியாபாரி கையை விரித்துவிட்டார். ஜெர்மனியில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார். ஆனால் முழு கண்டெய்னர் கேட்டார். எங்களிடம் இருந்தது பாதி. மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி விவசாயிகளிடமும் அதே வரியால் தேங்கிய பாதி இருந்தது. அவர்களுக்குத் தோல் நீக்கித் தரம் பிரிக்கும் மில் உண்டு; எங்களுக்கு ஈரம் தட்டாத குடோன் உண்டு. இரண்டையும் பொதுவாக்கிக்கொண்டு கொச்சியிலிருந்து சேர்ந்தே அனுப்புவது என்று முடிவாயிற்று.

முதல் லோடுடன் நானும் விவசாயி கருப்பையாவும் போனோம். ஏற்றும்போதே மூன்று தடவை எண்ணியிருந்தேன். டீக்கு நிறுத்திய இடத்தில் மறுபடி தார்ப்பாயைத் தூக்கினேன்.

"ஐயா, மூட்டை என்ன குட்டியா போடப்போவுது? வெரசா ஏறுங்க" என்றார் கருப்பையா.

மில்லில் பிரித்த முதல் மூட்டையிலேயே வெள்ளைப் பொடி. ஏலியாம்மா தமிழர்களோடு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். தமிழ் நன்றாக வரும். "பூஞ்சைன்னா உள்ள ஏத்த மாட்டேன். எங்க சரக்கும் கெட்டுடும்" என்றார். மறுநாள் மாலைக்குள் கண்டெய்னர் துறைமுகம் சேராவிட்டால் ஆர்டரே ரத்து.

கருப்பையா முன்னால் வந்தார். "பூஞ்சை இல்லம்மா. பழனி விபூதி." எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டிலும் முதல் மூட்டையின் வாயைக் கட்டுமுன் ஒரு சிட்டிகை போடுவார்கள். அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் கொஞ்சம் எடுத்து நெற்றியில் பூசி, மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"இது சிட்டிகையா? கைப்பிடி!" என்றார் ஏலியாம்மா.

"வெளைஞ்சதெல்லாம் வீட்டுலயே கெடந்துச்சும்மா. அதான் கொஞ்சம் கூடப் போட்டேன்."

ஏலியாம்மா மற்ற மூட்டைகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கேட்டார்: "எத்தனை வீட்டுச் சரக்கு?"

"பதினாறு" என்றேன்.

"அப்போ பதினாறு முருகன். எல்லா மூட்டையையும் அவிழ்க்கணும்."

"எங்க சரக்கைத் திருப்பிடுங்கம்மா. உங்களதாவது போகட்டும்" என்றேன்.

"பாதி கண்டெய்னருக்கு யார் சாரே காசு தருவா? சல்லடையைப் பிடிங்க."

இடுக்கி விவசாயிகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சலித்தார்கள். விபூதி மூட்டைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். பதினைந்துதான். கடைசி மூட்டை வரை அவிழ்த்தும் பதினாறாவது கிடைக்கவில்லை. ஒன்று தப்பிவிட்டது என்று முதலிலிருந்து மறுபடி எண்ணினேன்.

கருப்பையா நிமிராமலே சொன்னார்: "அந்தோணி வீட்டுல ஏதுய்யா விபூதி?"

ஏலியாம்மா சிரித்த சிரிப்பில் மில்லே சிரித்தது. கண்டெய்னர் நேரத்துக்குத் துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது லோடின் மூட்டைகள் சுத்தமாகப் போயின. மெஷினில் கொட்டும்போது கருப்பையா மட்டும் எதையோ தொலைத்தவர் போல நின்றார். ஏலியாம்மா அவரிடம் வந்தார்.

"கொண்டு வரலையா?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஏலியாம்மா மெஷினின் ஸ்விட்ச் போர்டைக் காட்டினார்.

"அங்க பூசுங்க. ரெண்டு ஊர்ச் சரக்கும் இதுலதான போகுது."

வாடகை, எடை, ஈரப்பதம் எல்லாம் எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தன. வேறு ஊர்க்காரர்களோடு சேர்ந்து தொழில் செய்யப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: மூட்டை கட்டும்போது உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?