அந்தோணியம்மாள் எண்ணிய கஞ்சி

எது எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதில் ஆரணிக்காரர்களுக்குப் பொதுவாக நல்ல ஞானம் உண்டு. வதந்தி ஓடும், ஆபீசில் கொடுத்த மனு ஓடாது. ஆனால் கஞ்சி எப்படி ஓடும் என்று எழுபது, எண்பதுகளில் முழுசாக அறிந்திருந்தவர் சேவூர் அந்தோணியம்மாள் ஒருவர்தான். அதையும் அவர் ஒரு பட்டுப் புடவையின் பாவைக் கெடுத்துத்தான் அறிந்துகொண்டார்.

புடவையின் நீளவாட்டு இழைகளுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றும் முன் அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக்கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். கஞ்சி நீர்த்தால் இழை தறியில் பிசிறடிக்கும். இறுகினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பதினோரு வருஷமாக அந்தத் தெருவுக்குக் கஞ்சி தடவிய அந்தோணியம்மாளிடம் பதம் பார்க்க இருந்த ஒரே கருவி அவருடைய வலது கை.

எழுபத்தெட்டு மார்கழியில் வேணுகோபால் வீட்டுப் பாவு. கஞ்சியில் கை வைக்கும் நேரத்தில் பஜனை கோஷ்டி வந்தது. பாவுக்குக் கீழே பெருமாள் படம் குனிந்து போகக் கூடாது என்பது அந்தத் தெரு வழக்கம். பாவை அவிழ்த்துச் சுவரோரம் ஒதுக்கினார்கள். பஜனை நகர்ந்த வேகம் தனி ஆராய்ச்சிக்கு உரியது. அரை மணி நேரம் கஞ்சிச்சட்டி பனியில் அசையாமல் கிடந்தது.

பிறகு அந்தோணியம்மாள் கையை விட்டு நன்றாகக் கலக்கினார். கஞ்சி தண்ணீராக ஓடியது. பதம் சரியென்று தடவிவிட்டார். வெயில் ஏறியபோது பாவு பலகையாக நின்றது.

"இன்னாமா இது? கஞ்சி போடச் சொன்னா பசை போட்டு வெச்சிக்கிறே! இத்த செவுத்துல ஒட்றதா?" என்றார் வேணுகோபால்.

"கையில நல்லாத்தான் ஓடிச்சிண்ணே."

"அப்ப கையவே தறியில ஏத்திக்கோ. இனிமே இந்தத் தெருவுல சட்டியத் தொடாத."

தெருவுக்கே சேர்த்து யோசிப்பவர் வேணுகோபால். மற்ற வீட்டுக்காரர்கள் அந்தச் சிரமத்தை மிச்சப்படுத்திக்கொண்டு அவர் சொன்னதையே சொன்னார்கள். அந்தோணியம்மாளுக்குத் தெரு போயிற்று.

"பஜனையாலதான் ஆச்சின்னு சொல்லேன்" என்றார் கணவர் சாலமோன்.

"சொன்னா மிச்ச தெருவும் பூடும். கஞ்சி ஏன் என் கையாண்ட பொய் சொல்லிச்சி? அத்த சொல்லு."

அந்தோணியம்மாள் இரண்டு கொட்டாங்கச்சிகளின் அடியில் ஒரே ஆணியால் ஓட்டை போட்டார். ஒரே சட்டிக் கஞ்சியை ஆறவிட்டு, பாதியைக் கலக்கி ஒன்றில் ஊற்றினார். மீதியைக் கலக்காமல் மற்றதில் ஊற்றினார். ஓட்டையை அடைத்திருந்த விரலை எடுத்து எண்ணினார். கலக்கியது இருபதில் காலி. கலக்காதது நாற்பது தாண்டியும் சொட்டிக்கொண்டிருந்தது. கலக்கிய கஞ்சியையே சற்று நேரம் சும்மா வைத்து எண்ணினால் அதுவும் மெத்தனமானது.

"கலக்குனா இளகுது, வுட்டா இறுகுது."

"என்னெப் போலவா?" என்றார் சாலமோன்.

"நீ கலக்குனாலும் ஓட மாட்டே."

ஆக, கஞ்சியை ஓடவைத்ததே கைதான். ஓடவைத்துவிட்டு, ஓடுகிறதே என்று தானே நம்பியும்விட்டது. இழைமேல் போய் உட்கார்ந்த கஞ்சியைக் கலக்க யார் இருக்கிறார்கள்? அங்கே அது தன் சொந்தக் குணத்துக்குத் திரும்பிவிட்டது.

பொங்கல் வரை எண்ணினார். சூட்டில் ஒரு கணக்கு, பனியில் ஒரு கணக்கு. ஆராய்ச்சியையெல்லாம் சாலமோன் உப்புப் போட்டுக் குடித்துத் தீர்த்தார். கொட்டாங்கச்சியில் ஊற்றி, தெருக்குளிரில் சற்று வைத்து, முப்பது எண்ணுவதற்குள் வடிந்தால் அதுதான் பதம் என்று முடிவானது. பள்ளிப் புத்தகத்தில் இதற்குப் பாகுத்தன்மை என்று பெயர். அதை எழுதித் தேறிய நாம் யாரும் அதன்பிறகு அதை எங்கேயும் நேரில் சந்தித்ததில்லை.

இதற்கிடையில் புதிதாகக் கஞ்சி போட வந்த துரை, பயத்தில் தண்ணீராகவே தடவினார். தறியில் இழை பிசிறடித்தது. வேணுகோபாலின் மனைவி கமலம் நேரே வந்து கூப்பிட்டார். "அவருக்குத்தான் வீம்பு. பாவுக்கு இன்னா வீம்பு? நீ வாம்மா."

கொட்டாங்கச்சியைப் பார்த்ததும் வேணுகோபால், "இன்னா, பிச்சைக்குக் கெளம்பிட்டியா?" என்றார்.

"எண்றதுக்குண்ணே. நீங்களே எண்ணுங்க. இதுவும் கெட்டுச்சின்னா நானே சட்டியக் கவுத்துட்டுப் போறேன்."

எண்ணினார். நாற்பத்து நாலு.

"சரி, ஜல்தியா தடவு. வெயில் வந்துகினு இருக்குது."

"ஆவாதுண்ணே."

ஒரு கரண்டி வெந்நீர் விட்டு, கலக்கி, ஊற்றி, காத்திருந்தார். இப்போது தெருவே சேர்ந்து எண்ணியது. இருபத்தொன்பதில் கடைசிச் சொட்டு விழுந்தது. அப்புறம்தான் பாவில் கை வைத்தார்.

காய்ந்ததும் வேணுகோபால் இழைகளுக்கு நடுவே மூங்கில் குச்சியை நுழைத்துத் தள்ளினார். தெருவின் அந்தக் கோடிவரை தடையில்லாமல் போயிற்று. எங்கேயாவது நிற்காதா என்ற நப்பாசையில் திருப்பியும் தள்ளிப் பார்த்தார். நிற்கவில்லை.

தப்பு என்மேல்தான் என்று சொல்கிற பழக்கம் அவர் வீட்டில் எவருக்கும் இருந்ததில்லை. "நாளைக்கு எங்க தம்பி வூட்டுப் பாவு. அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடு" என்றார்.

"வந்துடறேண்ணே. எத்தினி மணிக்குத் தடவலாம்னு கஞ்சியக் கேட்டுச் சொல்றேன்."